பத்து சென்ட் துணிவு

படக்கதைப் புத்தகம் ஒன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொண்டோம் என்றதும் முகம் சுளிக்கும் அன்பர்கள் சிலர் இருக்கவே செய்வர். சிறுவர்கள் படித்துக் கிழித்தெறியும் மலிவுத் தாளில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயமும் உண்டு. ஆயின் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் புத்தகம், வெளிவந்த காலத்தில் பத்து சென்ட்டுக்கு விற்றது. 2022 ஏப்ரலில் அதன் ஒரு பிரதி அமெரிக்க ஏலக் கூடமொன்றில் 31 இலட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று. மூன்று கோடி மடங்குக்கும் மேற்பட்ட ஏற்றம் இது. விலை உயர்ந்ததனாலேயே ஒரு நூல் உயர்ந்ததாகிவிடாது என்பதை நாம் அறிவோம். ஏலக் கூடம் மதிப்பிட்டது ஒன்று. நாம் மதிப்பிட விரும்புவது வேறொன்று.

'கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்' முதல் இதழே அப்புத்தகம். அட்டையில் 1941 மார்ச் என்று பொறித்திருப்பினும், நியூயார்க் கடைகளுக்கு அது வந்து சேர்ந்தது 1940 டிசம்பர் 20ஆம் நாள். வெளியிட்டவர் மார்ட்டின் குட்மன். அவரது நிறுவனத்துக்கு அன்று டைம்லி என்று பெயர். படைத்தவர்கள் ஜோ சைமன், ஜாக் கிர்பி என்னும் இளைஞர் இருவர். அன்று சைமனுக்கு வயது 27, கிர்பிக்கு 23.

அட்டைப் படத்தைச் சொல்லிவிட்டால் பாதிப் புத்தகத்தைச் சொன்னது போலாகும். அமெரிக்கக் கொடியையே உடையாகத் தைத்து அணிந்தாற்போன்ற வீரன் ஒருவன், ஜெர்மானியப் படைத் தலைமையிடத்துக்குள் பாய்ந்து, அடால்ஃப் ஹிட்லரின் முகவாயில் ஓங்கி ஒரு குத்து விடுகின்றான். ஹிட்லர் மல்லாந்து சாய்கின்றார். சுற்றிலும் நாஜிச் சிப்பாய்கள் சுடுகின்றனர்; ஒரு குண்டு வீரனது கேடயத்தில் பட்டுத் தெறிக்கின்றது. அமெரிக்க வரைபடமும் நாசவேலைத் திட்டத் தாள்களும் கிடக்கின்றன. பின்னால் ஒரு திரையில், அமெரிக்க வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்று தகர்க்கப்படும் காட்சி ஓடிக்கொண்டிருக்கின்றது. கீழ்மூலையில் ஒரு வட்டத்துக்குள் பக்கி என்னும் சிறுவன் சலாம் வைத்து நிற்கின்றான். ஒரே படம், ஒரே கணம். காரணமும் தண்டனையும் அந்த ஒரு கணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

இதிலென்ன துணிவு, ஹிட்லரை அடிப்பது போல் படம் போடாதவர் யார் என்று இன்றைய வாசகர் நினைக்கக்கூடும். நாள்குறிப்பை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறோம். ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது 1941 டிசம்பர் 7இல். அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே இப்புத்தகம் வந்துவிட்டது. அப்பொழுது அமெரிக்கா போரில் இல்லை. 1940 ஜூனில் பாரிஸ் வீழ்ந்துவிட்டது. செப்டம்பர் முதல் லண்டன் மாநகரம் இரவுதோறும் குண்டுமழையில் நனைந்துகொண்டிருந்தது. ஆயினும் அமெரிக்கர்களில் பெரும்பாலோர் அதனை அயலார் வீட்டுத் தீயாகவே கருதினர். தங்கள் பிள்ளைகளை அந்நியப் போர் எதற்கும் அனுப்பமாட்டேன் என்று அதிபர் ரூஸ்வெல்ட்டே 1940 தேர்தலில் தாய்தந்தையருக்கு உறுதி கூற வேண்டியிருந்தது. போரில் தலையிடலாகாது என்று முழங்குவதற்கென்றே ஓர் அமைப்பு அவ்வாண்டு செப்டம்பரில் தோன்றி விரைந்து வளர்ந்தது. அதற்கும் முன்பு, 1939 பிப்ரவரி 20இல், நியூயார்க் நகரின் நடுவே மேடிசன் சதுக்க அரங்கில் நாஜி ஆதரவாளர் ஏறத்தாழ 20,000 பேர் கூடிக் கை உயர்த்தி வணக்கம் செலுத்தினர். பெர்லினில் அன்று, நியூயார்க்கில்! அந்த நகரத்தின் கடைத்தெருவில்தான் இந்த அட்டைப் படம் தொங்கிற்று.

1940 அக்டோபரில் சாப்ளின் தம் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தை வெளியிட்டிருந்தார் என்பது மெய். ஆயின் சாப்ளினும் ஹிட்லருக்குக் கற்பனைப் பெயர் ஒன்று சூட்டியே நையாண்டி செய்தார். இவ்விருவரோ பெயரையோ மீசையையோ மறைக்கவில்லை.

யார் இவ்விருவர்? இருவரும் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். சைமன் ரோச்செஸ்டர் நகரத்துத் தையற்காரர் ஒருவரின் மகன். கிர்பியின் இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில், நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளும் தெருச் சண்டைகளும் மலிந்த சூழலில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் உழைத்த தந்தைக்குப் பிறந்தவர். இளமையில் அசைபடக் கூடமொன்றில், பாப்பாய் படங்களுக்கு இடைப்படங்கள் வரையும் வேலை பார்த்தார். அதுவும் தம் தந்தையின் தொழிற்சாலையைப் போன்றே இருந்தது, படங்களை அங்கே உற்பத்தி செய்தார்கள் என்று சொல்லி அதைவிட்டு வெளியேறினார். தெருவில் உதை வாங்கியும் கொடுத்தும் வளர்ந்தவரின் கை, குத்து எப்படி விழும், விழுந்தவன் உடம்பு எப்படி வளையும் என்பதை அறிந்திருந்தது. படத்தைப் பார்ப்பவர்க்கு அது விளங்கும். பெயரை மாற்றிக்கொண்டதைப் பற்றியும் ஒரு சொல். தம் மரபை மறைக்கவே அவ்வாறு செய்தார் என்று எவரேனும் சொன்னால் கிர்பிக்குச் சினம் பொங்குமாம். அவ்வாறு எழுதும் திறனாய்வாளர்கள் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் வரிசையில் நாம் சேர வேண்டியதில்லை.

கதை பிறந்த விதத்தைச் சைமன் பின்னாளில் கூறியிருக்கின்றார். முதலில் அவர் தேடியது வீரனை அன்று, வில்லனையாம். சிறந்த வில்லன் ஒருவன் கிடைத்தால் வீரனை எளிதில் ஆக்கிக்கொள்ளலாம் என்பது அவரது கணக்கு. தேடியபோது வில்லன் செய்தித்தாளிலேயே இருந்தான். புதிதாகக் கற்பனை செய்ய வேண்டிய தேவையே இல்லாது போயிற்று. 'சூப்பர் அமெரிக்கன்' என்று முதலில் பெயரிட்டு, சூப்பர்கள் ஏற்கெனவே பெருகிவிட்டனர் என்று எண்ணிக் 'கேப்டன்' ஆக்கினார். இதில் வணிகக் கணக்கும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. குட்மன் விற்பனை நோக்கோடு நூல் வெளியிட்டவர், தொண்டுக்காக வெளியிட்டவரல்லர். எனினும் வணிகக் கணக்கு மட்டுமே என்றால், அன்றைய சூழலில் ஹிட்லரைத் தொடாது விடுவதே இலாபகரமான வழியாக இருந்திருக்கும்.

இவ்விடத்தில் இன்னொரு படக்கதையை நினைவூட்டுவது தேவையாகின்றது. 1940 பிப்ரவரியில் 'லுக்' என்னும் அமெரிக்க இதழ், சூப்பர்மேன் போரை எப்படி முடிப்பான் என்று இரண்டு பக்கச் சித்திரக் கதை ஒன்றை வெளியிட்டது. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் ஆக்கியது அது. அவ்விருவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகளே. அக்கதையில் சூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் தூக்கிக்கொண்டு போய் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்துகின்றான். அச்சங்கம் அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கின்றது. நாஜிகளின் எஸ்.எஸ். படை நடத்திய வார ஏடு, 1940 ஏப்ரலில் சீகலைப் பெயர் சொல்லி இழித்து எழுதிற்று. இரண்டு பக்கப் படக்கதை ஒரு பேரரசின் ஏட்டுக்கு உறுத்திற்று என்றால், படக்கதையை இளக்காரமாகப் பேசுவோர் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஜெனீவாவா, குத்தா? அறநூல் நோக்கில் ஜெனீவாவே உயர்ந்தது. கொடியவனாயினும் அவனை வழக்குமன்றத்தில் நிறுத்துவது நாகரிகத்தின் அடையாளம். ஆயின் 1940இல் அந்தச் சங்கம் பெயரளவில் நின்ற கட்டடம். மஞ்சூரியாவிலும் அபிசீனியாவிலும் அது கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை உலகம் கண்டிருந்தது. சீகலின் கதை இருக்க வேண்டிய உலகத்தைக் காட்டிற்று. சைமனும் கிர்பியும் இருந்த உலகத்தைக் காட்டினர். நியூரம்பெர்க் விசாரணை தொடங்குவதற்கு 1945 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அப்பொழுதும் அக்கூண்டில் ஹிட்லர் இல்லை. இரண்டில் கலையாக நிலைபெற்றது கேப்டன் அமெரிக்காவின் அட்டையே என்பது எம் கருத்து. சூப்பர்மேன் ஒரு முடிவைச் சொன்னான். இவனோ ஒரு கோபத்தைச் சொன்னான். அன்று அந்தக் கோபம் முடிவை விட உண்மையானதாக இருந்தது.

இனி, உள்ளே நுழைவோம். மெலிந்த உடம்புடைய ஸ்டீவ் ரோஜர்ஸ் என்னும் இளைஞன் படையில் சேர விரும்புகின்றான். உடல் தகுதியில்லை என்று தள்ளப்படுகின்றான். ரைன்ஸ்டைன் என்னும் பேராசிரியர் கண்டுபிடித்த மருந்து அவன்மீது சோதிக்கப்படுகின்றது. நொடியில் அவன் மல்லனாகின்றான். கூட்டத்தில் மறைந்திருந்த நாஜி உளவாளி பேராசிரியரைச் சுட்டுக் கொல்ல, மருந்தின் இரகசியம் அவரோடு மண்ணாகிப் போகின்றது. மிச்சம் ஒரே ஒரு வீரன். அவனுக்குத் துணையாகப் படைமுகாமின் செல்லப் பிள்ளையாகிய பக்கி. தனியொருவன் ஒரு படையையே மலைத்து நிற்கச் செய்வதைப் பரணியிலும் படைப்போர் நூல்களிலும் படித்துச் சுவைத்த நமக்கு இத்தகைய மிகை புதிதன்று. இரும்புக்கை மாயாவியைச் சிவகாசி அச்சில் கண்ட 1972க்குப் பிந்தைய தலைமுறைக்கும் புதிதன்று. கதையோட்டம் அவசரமானது, உரையாடல்கள் தட்டையானவை, உளவாளிகள் அகப்படுவதற்கென்றே வருகின்றனர். இதழில் இவனோடு வேறு இரு வீரர் கதைகளும் பக்கம் நிரப்பக் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி எழுத எமக்கு ஒன்றுமில்லை.

எனினும் கவனித்துப் படிப்பவர்க்கு இரண்டு செய்திகள் தட்டுப்படும். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் அகன்ற மார்பும் கொண்டு மருந்தால் செதுக்கி எடுத்த இந்த மல்லன், நாஜிகள் தங்கள் சுவரொட்டிகளில் வரைந்து தொழுத அதே உடம்பைத்தான் பெற்றிருக்கின்றான். மேம்பட்ட மனிதரை ஆய்வுக்கூடத்தில் ஆக்கலாம் என்னும் கனவும் அவர்களுடையதே. ஆயின் அந்த மருந்தை ஆக்கியவர் யார்? ஐன்ஸ்டைனின் எதிரொலியாக ஒலிக்கும் ஜெர்மானிய-யூதப் பெயர் தாங்கிய பேராசிரியர். பகைவனின் கனவைப் பகைவன் துரத்திய மனிதனின் கையில் கொடுத்து, நோஞ்சானாகப் பிறந்த பையனுக்கு அதன் பயனை வழங்கிவிட்டனர். இதை இவ்விளைஞர்கள் எண்ணித்தான் செய்தார்களா என்பது வேறு. எண்ணாமல் செய்திருப்பினும் கதை அதைச் சொல்லத் தவறவில்லை.

மற்றொன்று இதனினும் கூர்மையானது. இவ்விதழில் செம்மண்டையோட்டு முகமூடி அணிந்து கொலைகள் செய்யும் ஒரு கொடியவன் வருகின்றான். பின்னாளில் நாஜிப் பேய்களின் தலைவனாக உலகப் புகழ்பெற்ற ரெட் ஸ்கல் அவனே. இம்முதல் கதையில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பவன் ஜெர்மானியன் அல்லன். அமெரிக்கப் படைக்கே விமானம் செய்து கொடுக்கும் ஜார்ஜ் மேக்சன் என்னும் அமெரிக்க முதலாளி! ஆக, இந்த ஒரே இதழுக்குள், ஜெர்மானியப் பெயர் தாங்கியவர் நன்மை செய்து உயிர் துறக்கின்றார். அமெரிக்கப் பெயர் தாங்கியவன் நாட்டை விற்கின்றான். அட்டையில் அடி வாங்குபவர் ஹிட்லர் என்னும் தனி மனிதர். யார் பகைவன் என்பதை இரத்தத்தை வைத்து அளக்காமல் செய்கையை வைத்து அளந்திருக்கின்றது இந்தப் பத்து சென்ட் புத்தகம். 31 இலட்சம் டாலர் கொடுத்தவர் இதற்காகக் கொடுத்திருக்கமாட்டார். ஆயின் இந்நூலில் விலைமதிப்புள்ள பகுதி என்று நாம் கருதுவது இதனையே.

வரைகலையைப் பற்றியும் கூற வேண்டும். அக்காலப் படக்கதைகளில் சட்டங்கள் தேர்வுத்தாளின் கட்டங்களைப் போல் ஒழுங்காக நிற்கும். மனிதர்கள் அவற்றுள் பொம்மைகளாக நிற்பர். கிர்பியின் மனிதர்களோ சட்டத்தை மீறி வெளியே காலை நீட்டுகின்றனர். ஒரு கட்டத்தில் ஓங்கிய கை அடுத்த கட்டத்துக்குள் நுழைகின்றது. உடற்கூறு பல இடங்களில் தவறாக இருக்கின்றது. கால்கள் அளவுக்கு மீறி நீள்கின்றன, தோள்கள் பொருந்தவில்லை. ஆனால் விசை பொய்க்கவில்லை. சட்டத்துக்குள் அடங்க மறுத்தது அந்தத் தெருப் பிள்ளையின் கையாகவே எமக்குத் தோன்றுகின்றது. முதல் இதழில் முக்கோண வடிவாயிருந்த கேடயம் இரண்டாம் இதழில் வட்டமாயிற்று. 'தி ஷீல்டு' என்னும் வீரனை முன்பே வெளியிட்டு வந்த வேறொரு நிறுவனம், தன் வீரனது மார்புக் கவசத்தைப் போலிருக்கின்றது என்று முறையிட்டதே காரணம். அந்த முறையீட்டால் விளைந்த நன்மை பெரிது. வட்டக் கேடயம் எறிவதற்கு வாய்ப்பாயிற்று. எறிந்த பின்னரே அவன் முழு வீரனானான்.

முதல் இதழ் பத்து இலட்சத்தை நெருங்கி விற்றது. அதோடு வசைக் கடிதங்களும் மிரட்டல்களும் வந்து குவிந்தன. டைம்லி அலுவலகத்தின் வாயிலில் ஐயத்துக்குரிய ஆட்கள் நின்று நோட்டமிட்டனர் என்றும், பணியாளர் சாப்பிட வெளியே போகவும் அஞ்சினர் என்றும், காவலர் வந்து நின்ற பின் நகரத் தலைவர் லா கார்டியா தாமே தொலைபேசியில் அழைத்து, உங்களுக்கு ஒரு தீங்கும் வாராமல் நகரம் பார்த்துக்கொள்ளும் என்று ஊக்கமளித்தார் என்றும் சைமன் 1990இல் வெளிவந்த தம் நினைவு நூலில் எழுதியிருக்கின்றார். கதையில் வரும் வீரனுக்கு மருந்து இருந்தது, கேடயம் இருந்தது. மேசையில் குனிந்து வரைந்தவர்களுக்கு இருந்தவை தூரிகையும் மைக்கூடும்தாம்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் இது பாராட்டுரையாகிவிடும்; திறனாய்வாகாது.

இரண்டாம் இதழிலேயே நாம் மேலே புகழ்ந்த அந்த அளவுகோல் கோணத் தொடங்குகின்றது. சாவே அறியாத கீழ்த்திசையார் என்னும் பொருள்படத் தலைப்பிட்ட கதையொன்று அதில் வருகின்றது. அதிலுள்ள கீழ்த்திசை மாந்தர்க்குப் பெயரில்லை, முகமில்லை, மனமில்லை. அச்சமூட்டும் பேருடம்பு மட்டுமே உண்டு. வரைந்தவை இதே கைகள். 1941 கோடையில் இவர்கள் தொடங்கிவைத்த 'யங் அலைஸ்' இதழில் வரும் கறுப்பினச் சிறுவனைப் பார்த்தால் இன்றைக்கு எவருக்கும் கூச்சமே மிஞ்சும். ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துக் கை ஓங்கியவர்களின் தூரிகையிலேயே இன இழிவு ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கால வழக்கம் அது என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அக்கால வழக்கத்தை மீறியதற்காகத்தானே இவர்களை நாம் பாராட்டினோம்? ஓரிடத்தில் வழக்கத்தை மீறத் தெரிந்தவர்களை மற்றோரிடத்தில் வழக்கத்தின் பெயரால் மன்னித்துவிட முடியவில்லை.

பேர்ல் துறைமுகத்துக்குப் பின் நிலைமை இன்னும் கீழிறங்கிற்று. அப்பொழுது சைமனும் கிர்பியும் இவ்விதழை விட்டு நீங்கியிருந்தனர். 1942 ஏப்ரல் நாளிட்ட 13ஆம் இதழின் அட்டையில், அதே வீரன் அதே பாணியில் ஜப்பானியத் தலைவர் ஒருவரைக் குத்துகின்றான். அதற்குப் பின் வந்த அட்டைகளில் ஜப்பானியருக்குக் கோரைப் பற்களும் நகங்களும் மஞ்சள் தோலும் முளைத்தன. ஹிட்லரை வரைந்தபோது ஓர் ஆளை வரைந்தனர். இப்பொழுது ஓர் இனத்தை வரைந்தனர். படம்தானே என்று விட்டுவிட இயலவில்லை. 1942 பிப்ரவரி 19இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட ஆணையின் பேரில் ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை இழந்து முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களின் பக்கத்து வீட்டுச் சிறுவன் கடையில் வாங்கிய பத்து சென்ட் புத்தகத்தில் அவர்களின் முகம் எவ்வாறு இருந்தது என்பதும் அக்கதையில் ஒரு பகுதியே. 1988இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. அட்டைகளுக்காக எவரும் கேட்கவில்லை.

படைத்தவர்கள் இதழை விட்டு நீங்கியது ஏன்? இலாபத்தில் பங்கு தருவதாகப் பேசப்பட்டிருந்தது. சொன்னபடி அது வந்து சேரவில்லை என்று அறிந்ததும் வேறொரு நிறுவனத்துக்கு இரவோடிரவாக வேலை செய்யலாயினர் என்று சைமன் எழுதியிருக்கின்றார். பத்து இதழ்களோடு அவர்களின் கை நின்றது. அவர்கள் இடத்தில் ஆசிரியராக அமர்ந்தவர், மூன்றாம் இதழில் இரண்டு பக்க உரைநடைக் கதை எழுதித் தம் எழுத்துப் பணியைத் தொடங்கியிருந்த ஸ்டான் லீ என்னும் பத்தொன்பது வயது நிரம்பாத இளைஞர். அவர் வரலாறு பெரிது, இங்கு வேண்டுவதில்லை.

கிர்பிக்குப் படை அழைப்பு 1943இல் வந்தது. 1944 ஆகஸ்டில் நார்மண்டிக் கரையில் இறங்கி, பேட்டனின் மூன்றாம் படையில் சாதாரணக் காலாட்படை வீரராகப் பிரான்சுக்குள் நடந்தார். கேப்டன் அமெரிக்காவை வரைந்தவர் என்று அறிந்த அதிகாரி, வரையத் தெரிந்தவன்தானே என்று பகைவர் நிலைகளை முன்சென்று பார்த்து வரைபடம் எழுதிவரும் வேலையை அவருக்குக் கொடுத்தாராம். கேடயத்தில் குண்டுகள் தெறிக்கும் வீரனை ஆக்கியவர், கேடயம் இல்லாமல் பகைவர் எல்லைக்குள் தவழ்ந்தார். அந்தக் குளிர்காலத்தில் பனி அவர் கால்களைக் கடித்தது. கால்களையே எடுக்க நேருமோ என்று மருத்துவர்கள் அஞ்சும் அளவுக்குப் போய், பிழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அவர் வரைந்த போர்க்கதைகளில் கோபமும் விரைவும் குறையவில்லை. ஆயினும் விழுந்து கிடப்பவர்களின் முகங்கள் வேறாயின. 1940இல் வரைந்த குத்தில் விழுந்தவனைப் பற்றிய நினைவே இல்லை என்பதை அவற்றை அருகில் வைத்துப் பார்த்தால் உணரலாம்.

போர் முடிந்ததும் வீரனுக்கு வேலையில்லாது போயிற்று. 1950க்குள் இதழ் நின்றது. 1953-54இல் பொதுவுடைமையினரை நொறுக்குபவனாக அவனை மீண்டும் எழுப்பினர். வாசகர் ஏற்கவில்லை, சில இதழ்களிலேயே படுத்துவிட்டான். 1964இல் லீயும் கிர்பியும் சேர்ந்து, போர் இறுதியில் பனிக்கட்டிக்குள் உறைந்து போனவனைக் கண்டெடுத்ததாகக் கதை பண்ணி உயிர்ப்பித்தனர். அப்படியானால் 1954இல் இயங்கியவன் யார்? இந்த முரண்பாட்டுக்கு 1972இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் என்னும் எழுத்தாளர் விடை தந்தார்: அவன் உண்மையான கேப்டன் அல்லன், கோளாறான மருந்தால் சித்தம் கலங்கிய ஒரு போலி! தன் பழைய இதழ்களையே இவ்வாறு தீர்ப்புக்குட்படுத்திய படக்கதையை நாம் மதிக்கின்றோம். கண்டதெல்லாம் பகையாகத் தெரிந்த அந்தப் போலி, ஆளை விட்டு இனத்தை அடித்த 1942 அட்டைகளிலிருந்தே பிறந்தவன் என்று சொன்னால் மிகையாகாது.

உரிமைக் கதை தனியே எழுதத்தக்கது. சூப்பர்மேனின் முழு உரிமையையும் சீகலும் ஷூஸ்டரும் 1938இல் 130 டாலருக்கு விற்றனர் என்பது பலரும் அறிந்தது. கேப்டன் அமெரிக்காவுக்காகச் சைமன் 1960களில் தொடுத்த வழக்கு 1969இல் சமரசத்தில் முடிந்தது. தாம் கூலிக்கு வரைந்ததாக அப்பொழுது எழுதிக் கொடுக்க நேர்ந்தது. 1999இல், 86 வயதில், உரிமையை மீட்கும் அறிவிப்பை அவர் மீண்டும் அனுப்பினார். படைப்பு உருவாகிப் பல்லாண்டுகள் கழித்து எழுதி வாங்கிய அத்தகைய ஒப்புதல் மீட்புரிமையைப் பறித்துவிடாது என்று 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. மறு ஆண்டு மீண்டும் சமரசம். கிர்பியோ தாம் வரைந்த மூலப் படங்களைத் திரும்பப் பெறவே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1987இல் அவருக்குக் கிடைத்தவை, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் ஏறத்தாழ இரண்டாயிரமே. 1994 பிப்ரவரி 6இல் அவர் மறைந்தார். அவர் பிள்ளைகள் தொடர்ந்த உரிமைப் போராட்டம் கீழ்மன்றத்திலும் மேல்மன்றத்திலும் தோற்று, உச்சநீதிமன்ற வாயிலில் 2014இல் சமரசமாயிற்று. சைமன் 98 வயது வரை வாழ்ந்து, தம் வீரன் திரைப்படமாக ஓடிய 2011ஆம் ஆண்டின் டிசம்பரில் கண் மூடினார். அப்படத்தில் வீரன், மேடையில் ஹிட்லர் வேடமிட்ட நடிகன் ஒருவனைக் குத்திக் கைதட்டு வாங்குகின்றான். 1940இல் மிரட்டல் கடிதம் கொண்டுவந்த குத்து அது.

பத்து இலட்சத்தை நெருங்கி விற்ற புத்தகம் இன்று அரிதானது ஏன் என்று கேட்கலாம். போர்க்காலத்தில் தாள் சேகரிப்பு நடந்தது. பிள்ளைகள் தங்கள் படக்கதைகளைக் கட்டாகக் கட்டி நாட்டுக்கென்று கொடுத்தனர். பத்து சென்ட் அனுப்பி, கேப்டனின் சுதந்திரக் காவலர் சங்கத்தில் சேர்ந்து, தகட்டுச் சின்னம் குத்திக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். அந்த வீரன் கற்பித்தபடியே செய்தனர். அவன் கூழாக அரைபட்டான். மிஞ்சியவற்றை 2000ஆம் ஆண்டு முதல் ஒரு நிறுவனம் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் இட்டு முத்திரை வைத்துத் தருகின்றது. முதல் கதையில் பேராசிரியரின் இரகசிய ஆய்வுக்கூடம் பழம்பொருள் கடை ஒன்றின் பின்புறத்தில்தான் இருக்கின்றது. அந்தக் கடை வழியே புகுந்தவர்களுக்கு உள்ளே செல்லக் கதவாவது திறந்தது. இந்தப் பெட்டியில் அட்டை மட்டும் தெரியும். ரைன்ஸ்டைன் குண்டடி பட்டு விழுவதையும் மேக்சனின் முகமூடி கழல்வதையும் உரியவர் பார்க்க விரும்பினால் முத்திரையை உடைக்க வேண்டும். உடைத்தால் மதிப்பெண் போய்விடும். 31 இலட்சம் டாலர் கொடுத்தவரும் நம்மைப் போல் மலிவான மறுபதிப்பு ஒன்றை வாங்கித்தான் படித்துக்கொள்ள வேண்டும்.